மருந்து வந்த வழி – 12: நான்கு நொதிகள், ஒரு பந்தயம்

பொம்பே நோய் தசைகளை அழிக்கும் பரம்பரை நோய். உடல் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரு பகுதி செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற நுண்பைகளுக்குள் போய்ச் சேரும். அங்கே அதை உடைத்துக் கரைப்பதற்கென்றே ஆசிட் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாகி இந்த நொதி உருவாகாமல் போனால் கிளைகோஜன் தேங்கும், பைகள் வீங்கும், தசைநார்கள் சிதையும். இதயமும் தசைதான். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதான். நொதி அறவே இல்லாத குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே துவண்டுவிடும், இதயம் பெருத்துவிடும், சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டியதில்லை. நொதி கொஞ்சம் சுரப்பவர்களுக்கு நோய் மெதுவாக வரும். சிலருக்கு நடுவயதில், மாடிப்படி ஏறச் சிரமப்படுவதில்தான் அது முதலில் தெரியும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தையை நோய் தாக்கும். பெற்றோரிடம் எந்த அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ 40,000 பிறப்புகளில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உலகம் முழுவதும் தேடினாலும் நோய் கண்டறியப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான் தேறுவார்கள். மருந்து நிறுவனங்கள் நெடுங்காலம் இந்தப் பக்கம் திரும்பாததற்கும், பெற்றோர்கள் உண்டியல் ஏந்த நேர்ந்ததற்கும் இந்த எண்ணிக்கையே காரணம்.

நோய்க்குப் பெயர் தந்த யோவான்னஸ் காசியானஸ் பொம்பே நெதர்லாந்தைச் சேர்ந்த நோயியல் மருத்துவர். 1930 டிசம்பரில், இறந்துபோன ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலை ஆம்ஸ்டர்டாமில் ஆய்வு செய்தபோது, இதயம் இயல்பைவிடப் பெருத்துக் கிடப்பதையும், இதயத் தசை முழுவதும் கிளைகோஜன் நிறைந்திருப்பதையும் கண்டார். 1932இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். அவருடைய ஆய்வகத்தில் ஒரு வானொலி ஒலிபரப்பி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 1945 பிப்ரவரியில் பிடிபட்டு, ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு விடுதலை பெற மூன்று வாரங்களே இருந்தன. தாம் கண்ட நோயின் காரணம் என்ன என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

காரணம் பெல்ஜியத்தில் தெரிந்தது. லூவன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் லைசோசோம்களை அடையாளம் கண்டு பெயரிட்டார். 1974இல் நோபல் பரிசு பெற்றார். அதே பல்கலைக்கழகத்தின் ஆன்ரி-ஜெரி ஹெர்ஸ் 1963இல், பொம்பே நோயாளிகளிடம் இல்லாமல் போவது லைசோசோமுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி என்று காட்டினார். லைசோசோம் பழுதால் வரும் நோய் என்று முதலில் நிறுவப்பட்டது இதுதான். இன்று அந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன.

நொதி இல்லை என்றால் வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் உடனே எழுந்தது. 1960களிலேயே பூஞ்சையிலிருந்து பிரித்த நொதியையும், பிறகு மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்ததையும் குழந்தைகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பலன் இல்லை. செலுத்திய நொதி கல்லீரலில் தங்கியதே தவிர தசைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு விடை 1970களின் கடைசியில் கிடைத்தது. லைசோசோமுக்குச் செல்ல வேண்டிய நொதிகளின் மேல் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைத் துண்டு ஒட்டியிருக்கும். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி அந்தத் துண்டை இனங்கண்டு நொதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடித உறையில் எழுதிய முகவரிபோல அது இல்லாத நொதி, ரத்தத்தில் எவ்வளவு கலந்தாலும் சேர வேண்டிய இடம் சேராது. தசைச் செல்களிலோ அந்த ஏற்பிகள் குறைவு. ஆகவே பொம்பே நோய்க்கு நொதியும் நிறைய வேண்டும், முகவரியும் தெளிவாக வேண்டும். பின்னால் நடந்த போட்டி முழுவதும் இந்த இரண்டு தேவைகளைச் சுற்றியே நடந்தது.

அமெரிக்காவில் 1983இல் வந்த அரிய நோய் மருந்துச் சட்டம் வணிகக் கணக்கை மாற்றியது. அந்நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானோரைத் தாக்கும் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் நிறுவனத்துக்கு ஏழு ஆண்டுத் தனியுரிமையும் வரிச்சலுகையும் உண்டு என்றது சட்டம். இதை நோயாளிகளின் குடும்பங்கள்தான் போராடிப் பெற்றன. அதன் பயனை முழுமையாக அறுவடை செய்தது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஜென்ஸைம் நிறுவனம். லைசோசோம் நோய்களில் இன்னொன்றான காஷே நோய்க்கு ரோஸ்கோ பிரேடி அரசு ஆய்வகத்தில் உருவாக்கிய நொதியை அது 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கு சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994இல் அதே நொதியை மரபணு மாற்றிய செல்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் விலை வைத்தாலும் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் என்பதை ஜென்ஸைமின் தலைவர் ஹென்றி டெர்மீர் நிரூபித்துக் காட்டினார். நோயாளிகள் சில ஆயிரம் பேர்தான் என்றாலும் லாபம் உண்டு என்று தெரிந்த பிறகுதான் பொம்பே நோய்க்கும் முதலீட்டாளர்கள் கிடைத்தார்கள்.

1990களில் மூன்று இடங்களில் தனித்தனியாக வேலை நடந்தது. ராட்டர்டாமில் ஆர்னால்ட் ராய்சரும் ஆன்ஸ் வான் டெர் பிளூக்கும் இருந்தார்கள். ஃபார்மிங் என்ற டச்சு நிறுவனத்துடன் சேர்ந்து, மனித நொதியைப் பாலில் சுரக்கும்படி மரபணு மாற்றிய முயல்களை அவர்கள் வளர்த்தார்கள். முயலைக் கறந்து, பாலிலிருந்து நொதியைப் பிரித்து, 1999இல் நான்கு குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். முடிவு 2000இல் 'லான்செட்' இதழில் வெளியானது. நான்கு குழந்தைகளின் பெருத்த இதயமும் சுருங்கியிருந்தது. இறந்திருக்க வேண்டிய வயதைத் தாண்டி அவர்கள் வாழ்ந்தார்கள். ஒரு குழந்தை பின்னால் நடக்கவும் கற்றது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தைவானில் பிறந்த யுவான்-சோங் சென், எலி இனத்தைச் சேர்ந்த ஹேம்ஸ்டர் என்ற விலங்கின் சூலகச் செல்களில் நொதியை வளர்த்தார். இதே நொதிக் குறையுள்ள ஜப்பானியக் காடைகளுக்கு அதைச் செலுத்தியபோது, பறக்க முடியாமல் கிடந்த காடை ஒன்று எழுந்து பறந்தது; 1998இல் அந்த ஆய்வு வெளியானது. 1999இல் மூன்று குழந்தைகளுக்குக் கொடுத்தார். தைவான் முதலீட்டில் இயங்கிய சின்பேக் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. மூன்று குழந்தைகளுக்கும் இதயம் தேறியது. ஆனால் இருவரின் உடல் நொதியை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்த்தது. தொடக்கத்தில் கிடைத்த பலனை அவர்கள் இழந்தார்கள். பிறவியிலேயே நொதியின் சாயல்கூட இல்லாத குழந்தைகளுக்கு இது நேரும் என்பது இந்த மூன்று பேரிடம்தான் தெரிந்தது.

மூன்றாவது இடம் ஓக்லஹோமா. அங்கே வில்லியம் கேன்ஃபீல்ட் முகவரிச் சிக்கலை எடுத்துக்கொண்டார். மேனோஸ்-6-பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் நொதியையே தனியே பிரித்தெடுத்து, அதன் உதவியால் பொம்பே நொதிக்குக் கூடுதல் முகவரிகளை ஒட்டலாம் என்பது அவர் திட்டம். குறைந்த மருந்தே தசைக்குப் போதும் என்று அவர் கணக்கிட்டார். 1999இல் நோவாஸைம் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்த மூன்று ஆய்வகங்களின் பின்னாலும் நோயாளிகளின் குடும்பங்கள் இருந்தன. நெதர்லாந்தின் தசைநோய்ச் சங்கம் ராட்டர்டாம் ஆய்வை ஆண்டுக்கணக்கில் தாங்கியது. அமெரிக்காவில், பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெற்றோர் 1995இல் டெக்சாஸில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். விருந்து, விளையாட்டுப் போட்டி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் என்று அவர்கள் திரட்டிய பணம் பெரிய தொகை அல்ல. ஒரு நொதியை மருந்தாக்கி அங்கீகாரம் பெறும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் அது வந்த கட்டம் முக்கியமானது. நிறுவனங்கள் ஒதுங்கி நின்ற, அரசு மானியங்கள் மெதுவாக அசைந்த அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆய்வாளரின் சம்பளத்தையும் ஒரு கூண்டு எலிகளையும் அந்தப் பணம் காப்பாற்றியது.

ஜான் கிரௌலி இந்தக் களத்துக்குள் வந்தது 1998இல். சட்டம் படித்து, ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து ஓராண்டுகூட ஆகாதவர். அந்த மார்ச் மாதத்தில் அவருடைய 15 மாத மகள் மேகனுக்குப் பொம்பே நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மகன் பாட்ரிக் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சில மாதங்களில் அவனுக்கும் அதே நோய் உறுதியானது. மூத்த மகனுக்கு நோய் இல்லை. சிகிச்சை எதுவும் இல்லை என்பதே மருத்துவர்களின் பதில்.

கிரௌலியும் மனைவி ஐலீனும் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்ற பெரிய மருந்து நிறுவனத்தில் கிரௌலி வேலைக்குச் சேர்ந்தார். மாலை நேரங்களில் ஓர் அறக்கட்டளை நடத்திப் பணம் திரட்டினார். அதற்குள் இரு குழந்தைகளின் மூச்சும் வென்டிலேட்டரைச் சார்ந்ததாகிவிட்டது. நன்கொடை திரட்டும் வேகமும் நோயின் வேகமும் ஒத்துப்போகவில்லை. 2000 மார்ச்சில் அவர் வேலையை விட்டுவிட்டு நோவாஸைமின் தலைமை நிர்வாகியானார். இதுவரை நிறுவனங்களிடம் உதவி கேட்டு நின்ற பெற்றோரில் ஒருவர் நிறுவனத்தையே கையில் எடுத்துக்கொண்டார். நன்கொடையாளரிடம் குழந்தையின் புகைப்படத்தைக் காட்டலாம். முதலீட்டாளரிடம் லாபக் கணக்கைத்தான் காட்ட முடியும். கிரௌலி இரண்டையும் காட்டினார் என்பதே அவரைப் பற்றி எழுதியவர்கள் தரும் சித்திரம். ஒரு சில ஊழியர்களோடு இருந்த நோவாஸைம் ஒன்றரை ஆண்டில் பன்மடங்கு பெருகியது.

ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்கத்தக்க மருந்து எதுவும் அதனிடம் இல்லை. எலிகளிடம் நல்ல முடிவு கிடைத்திருந்தது; அதைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் வழி தெளிவாகவில்லை. இதற்கிடையில் ஜென்ஸைம் மற்ற எல்லாப் பக்கமும் கை வைத்திருந்தது. ஃபார்மிங்குடன் கூட்டு, சின்பேக்கிடமிருந்து சென்னின் நொதிக்கான உரிமை, இவை போதாதென்று தன் சொந்த ஆய்வகத்தில் இன்னொரு நொதி. 2001இல் ஃபார்மிங் நிதி நெருக்கடியில் சிக்கியபோது முயல்பால் நொதியை நம்பியிருந்த நோயாளிகள் நடுங்கினார்கள். அவர்களுக்கு மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் ஜென்ஸைமிடம் வந்தது. அதே ஆண்டு ஜென்ஸைம் நோவாஸைமையும் வாங்கியது. செய்திகளில் வந்த விலை 13.75 கோடி டாலர். சந்தையில் ஒரு மருந்துகூட இல்லாத, இரண்டு வயது நிரம்பிய நிறுவனத்துக்கு அது பெரிய விலைதான். போட்டியாளர் ஒருவரைக் களத்திலிருந்து நீக்குவதற்கான விலையும் அதில் அடங்கியிருந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஒன்றாக்கப்பட்ட பொம்பே திட்டத்துக்கு ஜென்ஸைம் கிரௌலியையே பொறுப்பாளராக்கியது. முதல் வேலை, கையிலிருக்கும் நான்கு நொதிகளில் எது நல்லது என்று தீர்மானிப்பது. முயல்பால் நொதி, சென்னின் நொதி, நோவாஸைம் நொதி, ஜென்ஸைமின் சொந்த நொதி ஆகிய நான்கையும் நோயுள்ள எலிகளில் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். இதற்கென்று மரபணு மாற்றிய எலிகளை அமெரிக்க அரசு ஆய்வகம் 1998இல் உருவாக்கியிருந்தது. முடிவில் வென்றது ஜென்ஸைமின் சொந்த நொதி. நோவாஸைம் நொதி அறிவியல் கருத்தாகச் சிறந்திருந்தாலும் தயாரிப்பில் எட்டாத் தொலைவில் நின்றது. தன் நிறுவனத்தின் நொதியைக் கைவிடும் முடிவைக் கிரௌலியும் ஏற்றார். அவருக்கு வேண்டியது எந்த நொதி என்பதல்ல, எது முதலில் வரும் என்பதே.

அங்கேதான் சிக்கல் முற்றியது. குழந்தைகளிடம் நடத்தவிருந்த சோதனைகள் மிகச் சிறு வயதினருக்கானவை. ஒன்றில் பிறந்து ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள். இன்னொன்றில் மூன்று வயதுவரை உள்ளவர்கள். மேகனுக்கு ஐந்து வயது, பாட்ரிக்குக்கு நான்கு. இருவருமே எதிலும் சேர முடியாது. மருந்தோ கைவிரலால் எண்ணும் அளவுக்கே தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்குக் கொடுத்தால் இன்னொரு குழந்தைக்கு இல்லை. அந்த நிலையில், திட்டத்தின் தலைவர் தன் பிள்ளைகளுக்கு மருந்து கேட்பது எப்படி நியாயமாகும் என்று நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று தள்ளிவிட முடியாது. வரிசையில் நின்ற மற்ற பெற்றோருக்கு அவர்கள்தான் காவல். கடைசியில், ஒரே மரபணுப் பழுதுள்ள உடன்பிறந்தோர் ஒரே மருந்துக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்று பார்க்கும் தனி ஆய்வு ஒன்று வகுக்கப்பட்டது. கிரௌலி 2002 இறுதியில் ஜென்ஸைமிலிருந்து விலகினார். 2003 ஜனவரியில் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகர மருத்துவமனையில் இரு குழந்தைகளுக்கும் முதல் முறையாக நொதி ஏற்றப்பட்டது. பெருத்த இதயங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின. தசைகள் அந்த அளவுக்குத் தேறவில்லை. சக்கர நாற்காலியும் வென்டிலேட்டரும் அவர்களைவிட்டுப் போகவில்லை.

பெரிய சோதனையின் முடிவு திடமாக இருந்தது. ஆறு மாதம் ஆவதற்குள் சிகிச்சை தொடங்கிய 18 குழந்தைகளும் 18 மாத வயதை எட்டினார்கள். சிகிச்சை இல்லாத பழைய பதிவுகளில் அந்த வயதைத் தொட்ட குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மயோஸைம் என்ற பெயரில் அந்த நொதிக்கு ஐரோப்பா 2006 மார்ச்சிலும் அமெரிக்கா ஏப்ரலிலும் அனுமதி அளித்தன. திட்டத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவானதாக ஜென்ஸைம் சொன்னது.

நோவாஸைமை வாங்கியதைப் பற்றி அமெரிக்காவின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் தனியே விசாரித்து, 2004 ஜனவரியில் கோப்பை மூடியது. ஆணையர்கள் ஒருமித்து முடிவெடுக்கவில்லை. பந்தயத்தில் இருந்த ஒரே இரண்டு நிறுவனங்கள் ஒன்றானதால் அவசரப்பட வேண்டிய தேவையே ஜென்ஸைமுக்கு இல்லாமல் போனது என்று ஆணையர் மோசெல் தாம்சன் எதிர்த்து எழுதினார். இணைப்பால் தாமதம் நேர்ந்ததற்குச் சான்றில்லை என்றார் தலைவர் திமோதி மியூரிஸ். தன் இரு பிள்ளைகளும் அதே நோயால் அவதிப்படும் ஒருவரைத் திட்டத்தின் தலைவராக்கியதையும் அவர் தம் வாதத்தில் சேர்த்துக்கொண்டார். ஒரு தந்தையின் தவிப்பு, வணிகப் போட்டிச் சட்டத்தில் நிறுவனத்துக்குச் சாதகமான சான்றாக நின்றது அபூர்வம். மியூரிஸ் சொன்னதில் உண்மை உண்டு என்றாலும், அந்தத் தந்தை 2002லேயே விலகிவிட்டார் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

மும்பையில் பிறந்த பத்திரிகையாளர் கீதா ஆனந்த் இந்தக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து எழுதிய 'தி க்யூர்' 2006இல் வெளிவந்தது. அதிலிருந்து எடுத்த 'எக்ஸ்ட்ராடினரி மெஷர்ஸ்' திரைப்படம் 2010இல் வந்தது. தந்தையாக பிரெண்டன் ஃபிரேசரும், முரட்டு விஞ்ஞானியாக ஹாரிசன் ஃபோர்டும் நடித்தார்கள். அந்த விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம், கேன்ஃபீல்டை ஒட்டி உருவாக்கப்பட்டது. யுவான்-சோங் சென்னுக்குப் படத்தில் இடமில்லை. ராட்டர்டாம்காரர்களுக்கும் முயல்களுக்கும் இல்லை. இன்றுவரை பலர் அறிந்த பொம்பே வரலாறு அந்தப் படம்தான் என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க முடியாது. தந்தையின் நிறுவனம் கண்டுபிடித்த மருந்து குழந்தைகளைக் காப்பாற்றியது என்ற கதை தவறு. அவர்களுக்கு ஏற்றப்பட்ட நொதி அந்த நிறுவனத்தினுடையது அல்ல. கிரௌலியின் பங்கு வேறு வகையானது: ஒரு பெரிய நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இந்த நோயை மேலே தள்ளியதும், நான்கு நொதிகளையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் அளவுக்கு அவசரத்தை உண்டாக்கியதும்தான் அது.

மயோஸைம் நோயைக் குணப்படுத்தவில்லை, தள்ளிப்போட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும் ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். அளவும் மிக அதிகம். ஃபேப்ரி நோய்க்கான நொதியை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கொடுத்தால் போதும். பொம்பே நொதியை 20 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். தசைச் செல்களில் ஏற்பிகள் குறைவு என்ற பழைய சிக்கலுக்குக் கட்டப்படும் அபராதம் இது. அதனால் தயாரிப்பு எப்போதும் தேவைக்குப் பின்தங்கியது. 160 லிட்டர் கலன்களில் தொடங்கிய உற்பத்தியை 2,000 லிட்டருக்கு உயர்த்தியபோது, கிடைப்பது அதே மருந்தல்ல என்று அமெரிக்க அதிகாரிகள் கூறிவிட்டார்கள். வளர்ந்த நோயாளிகளுக்கான மருந்து லுமிஸைம் என்ற வேறு பெயரில் தனியே அனுமதி பெற 2010 ஆயிற்று. வளர்ந்தவர்களிடம் பலனும் அடக்கமானதுதான். 90 பேரிடம் நடந்த சோதனையில், 78 வாரங்களுக்குப் பிறகு, மருந்து பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 28 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள்.

எடைக்கேற்ப மருந்து என்பதால், குழந்தை வளர வளரச் செலவும் வளரும். வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் என்று தொடங்கிய விலை சில நாடுகளில் அதற்கும் மேலே போனது. 2012 கோடையில் நெதர்லாந்தின் காப்பீட்டு ஆலோசனை வாரியம், வளர்ந்த பொம்பே நோயாளிகளுக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து மருந்து தருவதை நிறுத்தலாம் என்று வரைவு அறிக்கை எழுதியது. நோய் பெயர்பெற்ற நாடு, நொதி முதலில் பலன் தந்த நாடு. செய்தி கசிந்ததும் எழுந்த எதிர்ப்பில் வரைவு நிறைவேறவில்லை. விலைப்பேச்சு நடந்து மருந்து தொடர்ந்தது.

ஜென்ஸைமை 2011இல் பிரான்சின் சனோஃபி நிறுவனம் சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்கியது. கிரௌலி 2005 முதல் அமிக்கஸ் என்ற நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். கேன்ஃபீல்டின் கூடுதல் முகவரித் திட்டமும் சாகவில்லை. சனோஃபி அதே திசையில் உருவாக்கிய நொதிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முகவரி நிறைந்த இன்னொரு நொதியை ஒரு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் அமிக்கஸின் சிகிச்சை 2023இல் வந்தது. 2001இல் பெரும் விலை கொடுத்து வாங்கி ஒதுக்கிவைத்த கருத்து மருந்தாக 20 ஆண்டுகள் பிடித்தன.

இந்த ஆண்டுகளில் கற்ற பெரிய பாடம் மருந்தைப் பற்றியதல்ல, நேரத்தைப் பற்றியது. தசை சிதைந்த பிறகு வரும் நொதி அதை மீட்காது. தைவான் 2005இல், பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத் துளியிலேயே பொம்பே நோயைக் கண்டறியும் திட்டத்தை உலகில் முதலில் தொடங்கியது. பிறந்த சில நாட்களிலேயே சிகிச்சை பெற்ற அந்தக் குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். அமெரிக்கா 2015இல் தன் பரிந்துரைப் பட்டியலில் இந்நோயைச் சேர்த்தது. கனடாவின் ஒட்டாவாவில் 2021இல் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள்: இதே நோய்க்கு முன்பே குழந்தைகளை இழந்த ஒரு குடும்பத்தில், கருவிலிருந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாக ஆறு முறை நொதி செலுத்தப்பட்டது. 13 மாத வயதில் அக்குழந்தையின் இதயமும் நடையும் இயல்பாக இருந்தன என்று 2022இல் மருத்துவ இதழில் பதிவானது.

இந்தியாவில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் அந்த ரத்தத் துளிச் சோதனை இல்லை. மருந்து பெற்ற சிலரில் பெரும்பாலோர் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் இடம் கிடைத்தவர்கள், அல்லது நீதிமன்றம் ஏறியவர்கள். 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை பொம்பேயை மூன்றாம் பிரிவில், அதாவது சிகிச்சை உண்டு, செலவு மிக அதிகம், வாழ்நாள் முழுவதும் தேவை என்ற பிரிவில் வைத்தது. 2022 மே மாதம் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மருந்தின் அனைத்துலக விலையில் அது வளர்ந்த ஒருவருக்கு ஓராண்டுக்கும் போதாது. அதற்கு மேலான தொகையைப் பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடையாகத் திரட்ட, அந்தக் கொள்கையின்படி, மத்திய அரசே ஓர் இணைய வாயில் நடத்துகிறது.